யாருடைய வாக்கியம்?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் ஆராதனை முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய பின்பு, நம் சபையின் மகள் ஒருத்தி ஆலய வாசலில் தயங்கி நின்றாள். முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்துகொண்டிருக்கிறவள். இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். "ஐயா, எனக்காக ஜெபம் பண்ணுங்கள். நான்கு மாதமாக ஒரு பக்கம்கூட எழுதவில்லை. வழிகாட்டி அம்மாவின் போன் வந்தால் எடுக்கவே பயமாயிருக்கிறது" என்றாள். ஜெபித்தேன். பின்பு, "நாளைக்கு உன் குறிப்புகளையெல்லாம் எடுத்துக்கொண்டு குருமனைக்கு வாம்மா" என்றேன். அவள் முகத்தில் ஆறுதலுக்குப் பதிலாகத் திகில்தான் தெரிந்தது.

அந்தத் திகிலை நான் அறிவேன். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே முகத்தோடு நானும் ஒருவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவளுடைய சம்மதத்தோடும், என்னுடைய வெட்கத்தைச் சற்றே விழுங்கிக்கொண்டும் இவ்வாரம் இதை எழுதுகிறேன். நம் சபைக் குடும்பங்களில் ஆய்வேடு எழுதுகிற பிள்ளைகள் இப்போது பலர் உண்டு. "என்னதான் எழுதுகிறாய், இன்னும் முடியவில்லையா?" என்று அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிற பெற்றோரும் இதை வாசிப்பது நல்லது.

மறுநாள் அவள் கொண்டுவந்தவை: நான்கு நோட்டுப் புத்தகங்கள், நூலகத்தில் புத்தகப் பக்கங்களைப் படம் பிடித்து வைத்த கைப்பேசி, ஒரு மடிக்கணினி. கணினியில் ஒரே அதிகாரம் ஆறு கோப்புகளாக இருந்தது. ஒன்றின் பெயர் "கடைசி". அடுத்தது "புதிய கடைசி". மற்றொன்று "உண்மையான கடைசி". நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள், பிறகு அழுதாள். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பி, "இந்தப் பத்தி நீ யோசித்து எழுதியதா, எங்கிருந்தாவது எடுத்ததா?" என்று கேட்டேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "தெரியவில்லை ஐயா" என்றாள்.

அந்த இடத்தில்தான் நானும் ஒருகாலத்தில் விழுந்தேன்.

இறையியல் முதுநிலைப் பட்டத்திற்காக நான் ஆய்வேடு எழுதியபோது ஒரு கிராமச் சேகரத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். தரங்கம்பாடி மிஷனின் தொடக்க காலத்தில் மிஷனெரிகள் தமிழ் கற்ற விதம் என்பது என் தலைப்பு. ஒன்பது ஊர்கள், ஒரு பழைய மோட்டார் சைக்கிள். கலியாணம், அடக்க ஆராதனை, அறுப்பின் பண்டிகை, கமிட்டிக் கூட்டம் என்று நாட்கள் ஓடின. "ஒரு வாரம் ஓய்வு கிடைத்தால் உட்கார்ந்து எழுதிவிடலாம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாரத்துக்காக இரண்டு ஆண்டுகள் காத்திருந்தேன். எப்போதாவது இரண்டு நாள் கிடைத்தால் நூலகத்துக்கு ஓடி, மூச்சுவிடாமல் பிரதியெடுத்துக்கொண்டு திரும்புவேன். பக்க எண் எழுத நேரம் இராது. மேற்கோள் குறி இட நினைவு இராது. பேருந்துக்கு நேரமாகிவிடும், "பின்னால் பார்த்துக்கொள்ளலாம்" என்று மூடிவைப்பேன். பின்னால் என்று ஒன்று வரவேயில்லை.

ஒருவழியாக மூன்றாம் அதிகாரத்தை எழுதி வழிகாட்டியிடம் கொடுத்தேன். வயதில் மூத்தவர், அதிர்ந்து பேசாதவர். இரண்டு வாரம் கழித்து அழைத்தார். ஒரு பத்தியின் ஓரத்தில் பென்சிலால் மெல்லிய கோடு இழுத்திருந்தார்.

"தம்பி, இதை யார் எழுதியது?"

"நான்தான் ஐயா."

அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துவந்து, ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். பதினொரு வரிகள். இரண்டு மூன்று சொற்கள் தவிர, எழுத்துக்கு எழுத்து அதுவே.

அன்பானவர்களே, நான் திருட நினைக்கவில்லை. இதைத் தேவனுக்கு முன்பாகச் சொல்கிறேன். எப்போதோ நூலகத்தில் பிரதியெடுத்த வரிகள் அவை. ஓராண்டு கழித்து என் கையெழுத்தில் அவற்றைப் பார்த்தபோது, நானே எழுதியவை என்று மனதார நம்பிவிட்டேன். ஆனால் நான் திருடவில்லை என்று காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். "உங்களை நான் நம்புகிறேன். உங்கள் நோட்டுப் புத்தகத்தை நம்பமாட்டேன்" என்றார். அதிகாரம் முழுவதையும், முன்னிரண்டு அதிகாரங்களையும், பத்தி பத்தியாக மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து வரச் சொன்னார். அந்த வேலைக்கு ஐந்து மாதம் ஆயிற்று. பட்டம் ஓராண்டு தள்ளிப்போயிற்று. ஏன் தள்ளிப்போனது என்று என் தகப்பனாரிடம் கடைசிவரை நான் உள்ளதைச் சொல்லவில்லை. "வேலை அதிகம் அப்பா" என்றேன்.

இதில் நகைப்புக்குரிய ஒன்றும் உண்டு. நான் யாரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேனோ, அந்த மனிதரிடமே நான் கற்றிருக்கவேண்டிய பாடம் இது. 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க், 1708க்குள் தாம் சேகரித்த 119 தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதிவிட்டார். வெறும் பெயர்ப்பட்டியலாக விடாமல் நூல்களைப் பற்றிய குறிப்புகளும் சேர்த்து. தம் நாளை எப்படிப் பகுத்துக்கொண்டார் என்பதை அவர் கடிதத்திலே விவரித்திருக்கிறார். காலை ஏழு மணி முதல் எட்டு வரை, முன்பு கற்ற சொற்களையும் தொடர்களையும் திரும்பப் படிப்பார். எட்டு முதல் பன்னிரண்டு வரை, அதுவரை வாசிக்காத தமிழ் நூல்களை வாசிப்பார். அப்போது வயதான புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் அருகில் இருப்பார்கள். புதிய சொல் வந்தால் எழுத்தர் அப்போதே எழுதிக்கொள்வார். மாலையில், கண்ணுக்கு ஓய்வு தரும்பொருட்டு, வேறொருவர் வாசிக்கக் கேட்பார்.

இந்தக் கடிதத்தை என் ஆய்வேட்டில் இரண்டு பக்கத்துக்கு வியந்து எழுதியிருந்தேன். "அப்போதே" என்ற ஒரு சொல் என் கண்ணில் படவில்லை. அவருடைய ஒழுங்கு எழுதும் மேசையில் தொடங்கவில்லை. வாசிக்கிற வேளையிலேயே தொடங்கிவிட்டது. நாற்பது வயதைத் தொடாமல் 1719இல் மரித்த அம்மனிதர், புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் முதலாக இத்தனை எழுத்துகளை விட்டுச்சென்றது எப்படி என்று கேட்பவர்களுக்கு, அவருடைய பக்தியைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அந்த எழுத்தரையும் நினைத்துக்கொள்ளவேண்டும்.

அந்த ஐந்து மாதத்தில் நான் ஒரு காலணிப் பெட்டியும் கெட்டி அட்டைகளும் வாங்கினேன். ஓர் அட்டைக்கு ஒரே ஒரு குறிப்பு. மேலே நூலின் பெயரும் பக்க எண்ணும். அவற்றை முதலில் எழுதாமல் குறிப்பைத் தொடங்குவதில்லை என்று தீர்மானித்தேன். பிறருடைய வாக்கியமானால் நீல மையில், மேற்கோள் குறிக்குள். பிறருடைய கருத்தை என் சொற்களில் சுருக்கினால் கறுப்பு மையில். எனக்கே தோன்றியது சிவப்பு மையில். (சிவப்பு அட்டைகள் எத்தனை குறைவு என்று பார்த்தபோது வந்த தாழ்மை தனியானது.) இப்போது இதற்கு மென்பொருள்கள் வந்துவிட்டன. ஸோடெரோ என்ற ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. நம் வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவர் அந்த மகளின் மடிக்கணினியில் அதைப் போட்டுக் கொடுத்தார். நூல் விவரங்களை அது காத்துக்கொள்ளும். ஆனால் எது உன்னுடைய வாக்கியம், எது பிறருடையது என்பதை நீ சொன்னால்தான் அதற்குத் தெரியும். கேட்டால் பத்தி பத்தியாக எழுதியே கொடுக்கிற கணினியும் இன்று வந்துவிட்டது. பிள்ளைகளே, பென்சில் கோடு போடுகிற ஒருவர் என்றாவது கேட்பார். "நான்தான் எழுதினேன்" என்று தலைநிமிர்ந்து சொல்ல முடியுமா என்பதை அதைத் தொடுவதற்கு முன்பே எண்ணிக்கொள்ளுங்கள்.

லூக்கா சுவிசேஷத்தின் முதல் நான்கு வசனங்களை ஒரு மாணவனின் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். தமக்கு முன்பே அநேகர் எழுத முயன்றார்கள் என்று லூக்கா ஒப்புக்கொள்கிறார். கண்ணாரக் கண்டவர்களிடமிருந்து செய்தி வந்தது என்கிறார். தாம் தொடக்கமுதல் விசாரித்ததைச் சொல்லி, அதன்பின்பே ஒழுங்காக எழுதப்போவதாகச் சொல்கிறார். விசாரித்தது முதலில், ஒழுங்கு பிறகு, எழுத்து கடைசியில். தாம் பெற்றுக்கொண்டதைத் தம்முடையது என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த ஐந்து மாதத்தில் இப்பகுதியை எத்தனை முறை வாசித்திருப்பேனோ!

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வான வாரம் வராது, அதை விட்டுவிட்டேன். காலை நாலேமுக்கால் முதல் ஐந்தரை வரை, கோவில் மணி அடிக்குமுன், தினமும் முக்கால் மணி நேரம் எழுதினேன். வாரத்தில் ஆறு நாள். ஏழாம் நாள் தொடமாட்டேன். வனாந்தரத்தில் மன்னாவை அந்தந்த நாளுக்கு வேண்டிய அளவே சேர்த்தார்கள் என்பது வெறும் பிரசங்கத் தலைப்பாக எனக்கு இருந்தது. அப்போது வேலைத் திட்டமாயிற்று. சில நாள் ஒரு பத்தி வரும்; சில நாள் ஒரு அடிக்குறிப்பு மட்டும். அடுத்து என்ன எழுதவேண்டும் என்பது தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிடுவேன். மறுநாள் வெறும் தாளின் முன் உட்கார்ந்து பெருமூச்சுவிட வேண்டியிராது. அந்த வேளையில் புத்தகத்தைத் திறக்கமாட்டேன். எழுதப் பயப்படுகிறவன் ஒளிந்துகொள்ள வாசிப்பைப்போல மரியாதையான இடம் வேறில்லை. நான் அங்கே பல மாதம் குடியிருந்தவன்.

அந்த மகளுக்கு நாலேமுக்கால் மணி முடியாது. சின்னவன் அப்போதுதான் விழிப்பானாம். இரவு ஒன்பதரைக்குப் பிறகு அரைமணி நேரம் என்று முடிவு செய்தோம். அவள் கணவர் பாத்திரம் கழுவுவதை ஏற்றுக்கொண்டார். இதை இங்கே எழுதப்போகிறேன் என்று அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஆறு கோப்புகளையும் ஒப்பிட்டு, ஒன்றை மட்டும் வைத்து, தேதியைப் பெயராக இட்டோம். முதல் இரண்டு வாரம் புதிதாக ஒரு வரியும் எழுதவேண்டாம் என்றேன். மூலம் தேடவேண்டிய பத்திகள் அத்தனை இருந்தன. நாற்பது பக்கத்தில் பன்னிரண்டு பக்கத்தை நீக்க நேர்ந்தது. "போய்விட்டதே ஐயா" என்றாள். எரேமியா முப்பத்தாறாம் அதிகாரத்தை அவளோடு வாசித்தேன். பாருக்கு எழுதிய சுருளை ராஜா கத்தியால் அறுத்து அறுத்துக் கணப்பில் போடுகிறான். முழுதும் எரிந்துபோகிறது. பாருக்கு வேறொரு சுருள் எடுத்து மறுபடியும் உட்காருகிறான். இரண்டாம் சுருளில் முந்தினதைவிட அதிகம் இருந்தது. அவளுடைய பன்னிரண்டு பக்கம் எரிந்துபோகவில்லை, நாமே நீக்கினோம். இருந்தாலும் அவளுக்குப் பாருக்கைப் பிடித்திருந்தது. (ஒரு பிரதியை வேறிடத்தில் வைத்திருக்கவேண்டும் என்பதும் அதே அதிகாரத்திலிருந்து எனக்குத் தோன்றுவதுண்டு.)

எல்லாவற்றிலும் கடினமாயிருந்தது போன். என் முன்னால்தான் பேசினாள். "அம்மா, காண்பிக்க ஒன்றும் இல்லை. குறிப்புகள் குழம்பிவிட்டன. சரி செய்துகொண்டிருக்கிறேன்" என்றாள். மறுமுனையில் சில நொடி மௌனம். பிறகு அந்த அம்மையார், "உனக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைத்தேன்மா" என்றது எனக்கும் கேட்டது. நான்கு மாதம் அவள் யாருடைய கோபத்துக்குப் பயந்தாளோ, அவர் அந்த நான்கு மாதமும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

சென்ற வியாழக்கிழமை இரண்டாம் அதிகாரத்தை அனுப்பிவிட்டதாகச் செய்தி வந்தது. நிறையத் திருத்தம் வரும் என்று எதிர்பார்க்கிறாள். வரட்டும்.

என் காலணிப் பெட்டி இன்னும் குருமனை அலமாரியில் இருக்கிறது. ஐந்து மாற்றல்களுக்கும் கூடவே வந்தது. அதில் ஓர் அட்டை உண்டு. பழைய நோட்டிலிருந்து பெயர்த்தெழுதிய ஒரே ஒரு வாக்கியம். ஜெபத்தைப் பற்றியது, மிக அழகானது. நான் எழுதியதா, எங்காவது வாசித்ததா என்று எத்தனையோ புத்தகங்களில் தேடியும் தெரியவில்லை. ஆய்வேட்டில் அதைச் சேர்க்கவில்லை. இதுவரை எந்தப் பிரசங்கத்திலும் சொல்லவில்லை. மேலே பக்க எண்ணுக்கான இடம் வெறுமையாக இருக்கிறது.

ஜெபங்களுடன்,
உங்கள் போதகர்