வெள்ளை ஃபோம்: எங்கே சரி, எங்கே வேண்டாம்?

டிவி வாங்கினால் பெட்டிக்குள் மெத்தென்று ஒரு வெள்ளை ஷீட் வருமே, ஆப்பிளுக்கு வலைச்சட்டை மாட்டியிருப்பார்களே, அதுதான் பாலிஎத்திலீன் ஃபோம். கடைகளில் ஈ.பி.இ. ஃபோம் என்பார்கள். தெர்மோகோல் வேறு, இது வேறு. தெர்மோகோல் பாலிஸ்டைரீன், அழுத்தினால் நொறுங்கும். இது அமுங்கி எழும். பி.காம். படிக்கிறவனுக்கு இது எதுக்கு என்கிறீர்களா? காசு விஷயம் இருக்கே :)

முதலில் பேக்கிங். கொலு பொம்மை அனுப்புகிறோம் என்று வையுங்கள். கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். 50×40×30 பெட்டி 4 கிலோதான் இருந்தாலும் பில் 12 கிலோவுக்கு! கண்டபடி ஃபோம் திணித்தால் லாபம் போச்சு. குறைத்தால் பொம்மையின் மூக்கு போச்சு. பித்தளைக் குத்துவிளக்கு என்றால் மெல்லிய ஷீட்டை நசுக்கிவிடும். அதற்கு அடர்த்தி கூடின பலகை ரகம்தான் சரி.

அடுத்து கட்டடம். இதன் நுரைக்குமிழ்கள் மூடியவை. அதனால் தண்ணீர் உறிஞ்சாது, வெப்பமும் மெதுவாகத்தான் கடக்கும். ஏ.சி. குழாய்க்கு உறை, கான்கிரீட் இணைப்பு இடைவெளி, மரத்தரைக்கு அடியில் விரிப்பு, எல்லாவற்றுக்கும் நல்லது. ஆனால் சுவரில் ஒட்டினால் பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் சத்தம் அடங்காது. வெயிலில் நேராகக் கிடந்தால் நாளாவட்டத்தில் உதிரும். வருஷக்கணக்கில் பாரம் ஏற்றினால் தட்டையாகிவிடும்.

இப்போது எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து. பெரியப்பாவின் பட்டறைக்குத் தகரக் கூரை. சித்திரையில் உள்ளே நிற்க முடியாது. அலுமினியத் தாள் ஒட்டின ஃபோம் அடிக்கலாம் என்று விலை கேட்டோம். சாதா ரகம் மலிவு, தீ பரவலைக் குறைக்கும் ரகம் விலை அதிகம். "சூடு குறைஞ்சா போதாதாடா?" என்றார் பெரியப்பா. போதாது. கீழே வெல்டிங் நடக்கிறது. சாதா ஃபோம் 110 டிகிரி வாக்கில் உருகும். தீப்பிடித்தால் எரிந்துகொண்டே சொட்டும், அதுவும் வேலை செய்கிறவர்கள் தலையில். இந்தச் செலவை எந்த லெட்ஜரில் எழுதுவது? வெல்டிங் பகுதிக்கு ராக்வூல், மற்ற இடத்துக்கு விலை கூடின ஃபோம் என்று சொல்லியிருக்கிறேன். முகம் சுளித்தார், மறுக்கவில்லை. அலுமினியத் தாளுக்கு முன்னால் காற்று இடைவெளி விடச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் அந்தப் பளபளப்பு வீண்.

நீங்கள் வாங்கப் போனால் மூன்றே கேள்வி: அடர்த்தி எவ்வளவு? எத்தனை டிகிரி தாங்கும்? தீச் சோதனைச் சான்றிதழ் இருக்கா? மூன்றாவதற்குக் கடைக்காரர் சிரித்து மழுப்பினால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.