ஆவி என்னும் சொல்

சீன மொழியில் ‘சி’ என்று ஒலிக்கும் எழுத்தின் பழைய வடிவத்தைப் பிரித்துப் பார்த்தால், அரிசியைக் குறிக்கும் உறுப்பும் அதன்மேல் எழும் புகையைக் குறிக்கும் உறுப்பும் தெரியும். இச்சொல்லை ‘ஆற்றல்’ என்று பெயர்ப்பவர்கள் அந்த உலைப்பானையைத் தவறவிட்டுவிடுகிறார்கள். தமிழில் நமக்கு அந்த இடர் இல்லை. கொதிக்கும் உலையிலிருந்து எழுவதும் ஆவி, மூச்சும் ஆவி, உயிரும் ஆவி. ‘குங்’ என்பது நெடுநாள் உழைப்பால் கைவரும் திறன். ஆகவே சிகுங் என்பதை ‘ஆவி பழகுதல்’ என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். (முதலெழுத்தை நெடிலாக்கினால் தமிழில் வேறு பொருள் வந்துவிடும், குறிலே நலம்.)

எனக்கு முடக்குவாதம் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இது மூப்பினால் வரும் மூட்டுத் தேய்மானம் அன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டுகளின் உட்சவ்வைப் பகையென்று கருதித் தாக்கும் நோய். ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. விடியற்காலையில் விரல்கள் மடங்கா. தண்ணீர்ச் செம்பின் மூடியைத் திறக்க முடியாது. பத்து மணி வகுப்பிற்குள் கை வசப்பட்டாக வேண்டும் என்ற பதைப்புடன்தான் ஒவ்வொரு நாளும் தொடங்கும். கரும்பலகையில் ஒரு பாடலை முழுதாக எழுதிப் பதம் பிரித்துக் காட்டாமல் எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது. கையெழுத்தை இழந்தால் என்னிடம் மிஞ்சுவது என்ன என்ற கேள்வி, மூட்டு வலியைக் காட்டிலும் நீண்ட இரவுகளை எனக்குக் கொடுத்திருக்கிறது.

இந்நோயைக் கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றே: எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள். புதுக்கோட்டையில் எந்த வீட்டிற்குச் சென்றாலும் எனக்கு முடக்கத்தான் தோசை உண்டு. சுவையானதுதான், மறுப்பதில்லை. ஆனால் என் நோய் குறையினால் வந்ததன்று, மிகையினால் வந்தது. மருந்து என்னும் அதிகாரத்தின் முதற்குறளிலேயே வள்ளுவர் மிகுதலையும் குறைதலையும் ஒரே தட்டில் வைத்து நோய்க்குக் காரணமாக்குகிறார். மூன்றனுள் வளியை முதலில் நிறுத்துகிறார். வாரம் ஒருமுறை நான் விழுங்கும் மெதோட்ரெக்சேட் அந்த மிகையைத்தான் அடக்குகிறது. 2020 மார்ச்சில், மலேரியாவுக்கும் எங்களைப் போன்றோருக்கும் உரிய ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை கொரோனாவைத் தடுக்கும் என்ற பேச்சு எழுந்ததும், கடைகளில் அது கிடைக்காமற்போயிற்று. தெருவெங்கும் எதிர்ப்பாற்றலைப் பெருக்கக் கசாயம் வழங்கிக்கொண்டிருந்த நாட்களில், அதைக் குறைக்கும் மாத்திரைக்காக நான் கடை கடையாகத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஊரடங்கில்தான் சிகுங்கைக் காணொளி பார்த்துக் கற்றேன். யோகம் இருக்கச் சீனத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். காரணம் மணிக்கட்டு. சூரிய வணக்கத்தில் உடலின் எடை பலமுறை மணிக்கட்டின்மேல் இறங்குகிறது. என்னால் அது இயலாது. நான் பயிலும் ‘எட்டுத் துண்டுப் பட்டு’ முழுவதும் நின்றபடியே செய்வது. முதல் அசைவில் இரு கைகளும் வயிற்றின் முன்னிருந்து மெல்ல எழுந்து, வானத்தைத் தாங்குவதுபோல் தலைக்குமேல் விரிகின்றன. மூச்சு கையோடு ஏறிக் கையோடு இறங்குகிறது. இரண்டாவது, வில்லை நாணேற்றி இழுப்பது. ஆறாவதில் பாதத்தைத் தொட வேண்டும். நான் முழங்காலோடு நிறுத்திக்கொள்கிறேன். ஏழாவதில் முட்டியை இறுக்கிக் கண்ணை உருட்டிக் குத்த வேண்டும். என் விரல்கள் பாதிதான் மூடும், அந்தப் பாதியே போதும். எட்டாவதில் குதிகாலை உயர்த்தித் தரையில் தட்டென்று இறக்குவதை, முழங்கால் வீங்கிய நாட்களில் விட்டுவிடுவேன். சில நாட்களில் வீக்கம் சூடேறி நிற்கவே இயலாது. அப்போது நாற்காலியில் அமர்ந்து மூச்சை மட்டும் கவனிப்பேன்.

மொட்டைமாடியில் பார்த்துவிட்ட பக்கத்து வீட்டு அக்கா, “என்ன டீச்சர், கொக்கு மாதிரி நிக்கிறீங்க?” என்றார். உண்மையில் ஹுவா தோ என்ற பழைய மருத்துவர் பெயரில் வழங்கும் ஐந்து விலங்குப் பயிற்சியில் நாரை ஒன்று உண்டு. அக்காவின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

இக்கலையைச் சுற்றி வளர்ந்துள்ள கதைகள் எனக்கு ஏற்புடையனவல்ல. 1980களில் சீனத்தில், கையசைத்தே பிறர் நோயைப் போக்குவதாகச் சொன்னவர்கள் பெருந்திரளைக் கூட்டினார்கள். நம் பக்கத்திலோ 2011இல் வந்த ‘ஏழாம் அறிவு’க்குப் பிறகு எல்லாம் காஞ்சிப் போதிதருமர் கொண்டுபோனவை என்றாகிவிட்டது. அவர் இயற்றியதாகச் சொல்லப்படும் தசைநார்ப் பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டில் தோன்றியது. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, கி.மு. 168இல் மூடப்பட்ட மாவாங்துயி கல்லறையில் பட்டில் வரைந்த உடற்பயிற்சிப் படம் இருந்தது; 1973இல் அகழ்ந்தபோது 44 உருவங்கள் தெரிந்தன. கைகளை உயர்த்துவோர், குனிவோர், ஆண்களும் பெண்களுமாக.

அந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம் நம் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம் உடன் நினைவுக்கு வரும். அங்கே கல்லில் வெட்டிய பதினேழு படுக்கைகள், தலைமாட்டில் கல் அணைகள், கி.மு. முதல் நூற்றாண்டையொட்டிய தமிழிக் கல்வெட்டு. உடலை வென்று கடக்க வேண்டிய ஒன்றாக எண்ணிய துறவிகளின் இடம் அது. அவர்கள்மீது எனக்கு மதிப்பு குறைந்ததில்லை. ஆயினும் ஏற்கெனவே தன்னோடு தானே போரிட்டுக்கொண்டிருக்கும் உடலின்மேல் இன்னொரு போரைத் தொடுக்க எனக்கு மனமில்லை.

சிகுங்கால் நோய் தீரவில்லை. இரத்தப் பரிசோதனைத் தாளில் எண்கள் இறங்கியது மருந்தினால்தான். இதற்கு நெருங்கிய உறவான தைச்சியை முடக்குவாதத்திற்குப் பயன்படுத்திய ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் குழுவினர், சான்றுகள் மிக வலுவற்றவை, பயன் உறுதியில்லை என்றே 2019இல் எழுதினர். எனக்குக் கிடைத்தது வேறு. வலிக்கும் மூட்டை அசைக்க அஞ்சி அஞ்சித் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டு மேலும் தளர்கிறது. அந்த அச்சம் குறைந்திருக்கிறது. காலை ஆறு மணிக்குக் கை எவ்வளவு உயரும் என்று பார்க்கும் ஆவல் அதனிடத்தில் வந்திருக்கிறது.

சென்ற பருவத்தின் விடைத்தாள் திருத்தும் முகாமில், பத்துத் தாள்களுக்கு ஒருமுறை எழுந்து முதல் அசைவை மட்டும் செய்துகொண்டிருந்தேன். முதுகுவலிக்காரரான கணிதத் துறைப் பேராசிரியர் ஒருவர் முதல் நாள் வேடிக்கை பார்த்தார். மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து நின்று, “மேடம், மூச்சை எப்ப விடணும்?” என்று கேட்டார்.