பூமிக்குக் கீழே ஒரு ஜாகை

நம்முடைய சரித்திர நாவல்களில் நிலவறை என்று ஒன்று வரும். அதில் பொக்கிஷம் இருக்கும். அல்லது சதிகாரர்கள் இருப்பார்கள். இரண்டும் இல்லாவிட்டால் கதாநாயகன் இருட்டில் தடவிக்கொண்டு சுரங்க வழியைத் தேடுவான். அந்த நிலவறையில் ஒரு குடும்பம் பால் காய்ச்சிக் குடித்தது, மாதம் பிறந்ததும் வாடகை கொடுத்தது என்று எந்த நாவலாசிரியரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. நானும் எழுதியதில்லை. ஆனால் அறுபத்தொன்பதாம் வயதில் அப்படிப்பட்ட ஒரு நிலவறைக்கு வாடகை பேசும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது.

ஊர் கனடா தேசத்து டொராண்டோ. நாம் இப்படி எழுதுகிறோம். அங்கே குடியேறிய இலங்கைத் தமிழர்கள் ‘ரொறன்ரோ’ என்று எழுதுகிறார்கள். அந்த நகரத்தின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் மார்க்கம் சாலைக்குப் பக்கத்தில், ஓர் உயரமான கட்டடத்தின் பதினான்காம் மாடியில் என் பெண்ணும் மாப்பிள்ளையும் குடியிருந்தார்கள். ஒரே ஒரு படுக்கையறை. பேத்திக்கு ஒரு வயது நிரம்பி, பெண் வேலைக்குத் திரும்ப வேண்டிய சமயத்தில், 2024 செப்டம்பரில், குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்காக நானும் என் மனைவியும் போய்ச் சேர்ந்தோம். ஐந்து ஜீவன்கள் அந்த ஜாகையில் இரண்டு வாரம் இருந்து பார்த்தோம். மூன்றாவது வாரம் எங்கள் இருவருக்கும் தனி இடம் தேடத் தொடங்கினோம்.

இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று, பெண் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் ஒரு செங்கல் வீட்டின் கீழ்த்தளம். மற்றொன்று, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரத்தில், இரண்டாம் மாடியில் ஒரு சிறு வீடு. பின்னதன் வாடகை முன்னதைப் போல் ஒன்றரை மடங்கு. இரண்டில் எதற்கானாலும் பணம் கொடுக்கப் போகிறவள் என் பெண். என் பென்ஷனை டாலராக மாற்றிப் பார்த்தால் ஒரு மாதத்துக்குக் காப்பிப் பொடியும் பஸ் கட்டணமும் தேறும். ஆகவே நியாயமாகப் பார்த்தால் யோசிக்கவே ஒன்றும் இல்லை, கீழ்த்தளம்தான்.

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு கீழ்த்தளம் இருப்பது ஏன் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. காரணம் குளிர். மாரிக்காலத்தில் பூமிக்குள் இருக்கும் ஈரம் உறைந்து மண் உப்புகிறது. அந்த உப்பல் அஸ்திவாரத்தையே தூக்கிவிடும். ஆகவே உறைபனி எட்டாத ஆழத்துக்கு, டொராண்டோப் பக்கத்தில் சுமார் நாலடிக்கு, அஸ்திவாரம் இறங்கியாக வேண்டும். அவ்வளவு தோண்டுகிறவன் இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தளமே கிடைத்துவிடுகிறது. வீட்டைச் சூடாக்கும் உலை, வெந்நீர்ப் பீப்பாய், மின்சாரப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் அங்கே குடிபோயின. பிறகு, மேலே இடம் கிடைக்காத மனிதர்களும் குடிபோனார்கள்.

வீட்டுக்காரம்மாள் யாழ்ப்பாணத்துக்காரர். அறுபது வயதிருக்கும். “வாங்கோ ஐயா, வாங்கோ அம்மா. படி கவனம்” என்று முன்னால் இறங்கினார். எட்டுப் படிகள். உலை இருக்கும் அறையைத் தாண்டி ஒரு குசினி. அதையும் தாண்டி இரண்டு அறைகள். சுவருக்குப் புது வர்ணம் அடித்திருந்தது. தரை பளபளத்தது. ஜன்னல் என் கண்ணுக்கும் மேலே, கூரையை ஒட்டி இருந்தது. அதன் வழியே ஒரு கைப்பிடி ஆகாயமும், அண்டைவீட்டு வேலியின் அடிப்பாகமும், ஓர் அணிலின் நான்கு கால்களும் தெரிந்தன. மேலே யாரோ நடந்தார்கள். சத்தம் தலைக்கு மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று. திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனம் நடத்தி வளர்ந்தவனுக்கு இதெல்லாம் பெரிய குறையாகத் தோன்றவில்லை.

தேநீர் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் சொன்னார்: “நாங்கள் 1988-இல வந்தனாங்கள். முதல் நாலு வரியம் இப்பிடியொரு பேஸ்மென்டிலதான். ஒன்பது பேர். இரவு வேலைக்குப் போறவை பகலில படுப்பினம், பகல் வேலைக்குப் போறவை இரவில படுப்பினம். பாய் ஆறினதே இல்லை. பிறகு இந்த வீட்டை வாங்கேக்க, கீழ வாடகைக்கு விட்டுத்தான் கடன் கட்டினனாங்கள். இது இல்லாட்டி எங்களுக்கு வீடே இல்லை.”

1983-ஆம் வருஷத்துக் கலவரத்துக்குப் பிறகு உயிர் தப்பி அந்நாட்டுக்கு வந்த ஆயிரக்கணக்கான தமிழர்களில் பலருக்குக் கனடாவின் முதல் முகவரி ஒரு கீழ்த்தளம்தான். அங்கே படித்தார்கள், பிள்ளை பெற்றார்கள், ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். பிறகு மேலே ஏறினார்கள். அந்த அம்மாள் தம்முடைய கீழ்த்தளத்தைக் காட்டிய விதத்தில் ஒரு பெருமிதம் இருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆனால் என் மாப்பிள்ளைக்குக் குறை பார்ப்பதே உத்தியோகம். கட்டடங்களைச் சோதிக்கிறவர். கையில் அளவு நாடாவோடு வந்திருந்தார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த விஷயங்களை அப்படியே சொல்கிறேன். வெளியூரில் பிள்ளைகளை வைத்திருக்கிற வாசகர்களுக்குப் பயன்படும்.

ஒரு வீட்டில் இரண்டாவது குடித்தனம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒண்டாரியோ மாகாணம் 1994-இல் சட்டம் செய்தது. ஆட்சி மாறியதும் அதைத் திரும்பப் பெற்றது. 2011-இல், நகராட்சிகள் அதை அனுமதிக்கத்தான் வேண்டும் என்று மறுபடி விதித்தது. அனுமதி உண்டு என்றால் விதிகளும் உண்டு. கூரை 1.95 மீட்டருக்கு, அதாவது சுமார் ஆறடி ஐந்தங்குலத்துக்குக் குறையக் கூடாது. புகை கண்டால் அலறும் கருவி இருக்க வேண்டும். உலை இருப்பதால் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கும் ஒரு கருவி வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூங்குகிறவனை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். ராடான் என்று வேறொன்று இருக்கிறது. மண்ணில் உள்ள யுரேனியத்திலிருந்து பிறந்து, தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் கசிகிறது. பல வருஷம் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம். கன மீட்டருக்கு 200 பெக்கரலுக்கு மேல் இருந்தால் அதைக் குறைக்க வேண்டும் என்பது கனடா சுகாதாரத் துறையின் வழிகாட்டல். அளந்து பார்க்கும் சிறு கருவியைக் குளிர்காலத்தில் மூன்று மாதமாவது வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் தண்ணீர். குசினித் தரையில் ஒரு சிறு இரும்புச் சல்லடை இருந்தது. கழுவிவிட்ட நீர் போகும் வழி. பெருமழையில் தெருச் சாக்கடை நிரம்பிவிட்டால், அதே வழியாக அந்தச் சாக்கடை உள்ளே திரும்பி வரும். அதைத் தடுக்க ஒரு பக்கமே திறக்கும் கதவுபோல் ஒரு வால்வு குழாயில் பொருத்துகிறார்கள். இந்த வீட்டில் அது இல்லை. டொராண்டோ விமான நிலையத்தில் 2013 ஜூலை 8-ஆம் தேதி 126 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. நாங்கள் வருவதற்கு இரண்டே மாதம் முன்பு, 2024 ஜூலை 16-ஆம் தேதி, ஏறக்குறைய 98 மில்லிமீட்டர். சென்னைக்காரன் இந்தக் கணக்கைக் கேட்டுச் சிரிப்பான். ஆனால் அந்த மழையெல்லாம் சில மணி நேரத்துக்குள் கொட்டியது. தண்ணீர் முதலில் தேடுவது பள்ளத்தை. 2021 செப்டம்பர் 1-ஆம் தேதி இரவு நியூயார்க்கில் ஐடா புயலின் மிச்சம் கொட்டியபோது, கீழ்த்தளக் குடித்தனங்களில் மட்டும் 11 பேர் மாண்டார்கள். 2024 ஜூலை 27-ஆம் தேதி, நம்முடைய தில்லியில், ராஜீந்தர் நகரில் ஒரு பயிற்சி நிலையத்தின் கீழ்த்தள நூலகத்தில் படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவர்கள் போனார்கள். தண்ணீர் ஆள் உயரம் வர வேண்டியதில்லை. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ எடை. முழங்கால் அளவு தேங்கி நின்று கதவை அழுத்தினாலே ஒருவரால் திறக்க முடிவதில்லை.

வீட்டுக்காரம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். வால்வு வைத்துத் தருகிறேன் என்றார். கருவிகளை மாற்றித் தருகிறேன் என்றார். மீதி இருந்தது ஜன்னல்.

இந்த அறைகளிலிருந்து வெளியே போகும் ஒரே கதவுக்கு, குசினியையும் உலையையும் தாண்டித்தான் போகவேண்டும். தீப்பிடித்தால் பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றில்தான் பிடிக்கும். அப்போது ஜன்னல்தான் வாசல். சட்டமும் அதை முன்கூட்டி யோசித்திருக்கிறது: ஆயுதம் எதுவும் இல்லாமல் உள்ளிருந்தே திறக்க வேண்டும், திறந்த இடம் 0.35 சதுர மீட்டராவது இருக்க வேண்டும். எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்கு, அதாவது பதினைந்து அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மாப்பிள்ளை அளந்தார். எல்லாம் சரியாக இருந்தது.

“அளவு சரி. ஏறிப் பார்த்துவிடலாமா?” என்றார்.

நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர் அணில்போல் வெளியே போனார். என் பெண் போனாள். நான், மேலே ஒருவர் இழுக்க, கீழே ஒருவர் தள்ள, சட்டையில் மண்ணோடு போய்ச் சேர்ந்தேன். என் மனைவி நாற்காலியில் ஏறி ஜன்னல் விளிம்பைப் பிடித்தாள். இடது முழங்காலை மடக்கப் பார்த்தாள். அது மடங்கவில்லை. சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு சிரித்துக்கொண்டே இறங்கி, “உங்களுக்கெல்லாம் இது வாசல். எனக்கு வெறும் ஜன்னல்தான்” என்றாள்.

ஒருவரும் பேசவில்லை. வீட்டுக்காரம்மாள்தான் முதலில் வாய் திறந்தார். “அம்மாவுக்கு இது சரிவராது ஐயா” என்றார். கொஞ்சம் பொறுத்து, “எனக்கும் இப்ப சரிவராது” என்றார்.

விஷயம் அதோடு முடிந்ததாக நினைத்துவிட வேண்டாம். திரும்பி வரும்போது என் பெண் கேட்டாள்: “அப்பா, மழையும் தீயும் எப்பவோ வர்ற ஆபத்து. பனிக்கட்டி மூடின நடைபாதை நாலு மாசத்துக்குத் தினம் வர்ற ஆபத்து. அம்மா அதுல நடந்து ரெண்டு பஸ் மாறணும். எது பெரிசு?” கணக்குத் தெரிந்தவர்களைக் கேட்டால், கிழவர்களுக்கு வழுக்கி விழுவதுதான் பெரிது என்று சொல்வார்கள். அவள் கேள்வியில் வாடகைப் பணமும் இருந்தது. ஆனால் அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். எனக்குத் தோன்றியது இதுதான். பனியில் மெதுவாக நடக்கலாம். ஒருவரைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். மிகவும் மோசமான நாளில் போகாமலே இருந்துவிடலாம். அந்த ஆபத்தில் நமக்குக் கொஞ்சம் அதிகாரம் இருக்கிறது. கீழ்த்தளத்தில், நள்ளிரவில், குசினிப் பக்கம் புகை வந்தால், மெதுவாக என்பதற்கும் நாளைக்கு என்பதற்கும் இடமில்லை. நான் மட்டும் ஜன்னல் வழியாக வெளியே வந்து நிற்பதை ஒரு கணம் எண்ணிப் பார்த்தேன். அதற்கு மேல் கணக்குப் போடவில்லை.

தூரத்து வீட்டை எடுத்தோம். அதற்கும் விலை கொடுத்தோம். குளிர்காலத்தில் தினம் அலைய முடியாதென்று, திங்கள் முதல் வெள்ளி வரை என் மனைவி பெண் வீட்டுக் கூடத்தில் சோபாவில் படுத்துக்கொண்டாள். நான் இரண்டாம் மாடியில் தனியாக ரசம் வைத்துக்கொண்டேன். கல்யாணமான நாற்பத்தோரு வருஷத்தில் இல்லாத வழக்கமாக, சனிக்கிழமை காலையில் பஸ் நிறுத்தத்தில் போய் நின்று அவளுக்காகக் காத்திருந்தேன்.

அந்தக் கீழ்த்தளத்துக்கு நவம்பரில் இரண்டு மாணவர்கள் குடிவந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்காரம்மாள் சொன்னபடி வால்வும் வைத்துவிட்டாராம். நல்ல காரியம். இருபத்திரண்டு வயதுக் கால்களுக்கு அது மோசமான இடம் இல்லை. இரண்டு வருஷம் வாடகை மிச்சம் பிடித்துப் படிப்பை முடித்துவிட்டு மேலே வரலாம். ஒன்பது பேர் வந்த வழிதானே? ஓர் அறை நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. அதில் யார் தூங்கப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

உங்கள் பிள்ளையோ பெண்ணோ அப்படி ஓர் இடத்துக்கு வாடகை பேசுவதாக எழுதினால் தடுக்காதீர்கள். கருவிகள் வேலை செய்கின்றனவா, தரைக் குழாயில் வால்வு உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். கட்டிலை ஜன்னலுக்குக் கீழே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முன்பணம் கொடுக்கும் முன்பு, குடியிருக்கப் போகிற ஒவ்வொருவரும் ஒரு தடவை அந்த ஜன்னல் வழியாக ஏறி வெளியே வந்து பார்க்கட்டும். அக்கம்பக்கத்தார் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.