ஒரு கற்கண்டு, ஓர் உயிர்

சனிக்கிழமை இரவு பதினொரு மணி இருக்கும். ஈசூனில் எங்கள் வீவக வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். என் தங்கை நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"வைரம் இருக்குன்னு நம்பித்தானே அவ்வளவு தூரம் உள்ள போனோம்? இப்ப வந்து இல்லைங்கிற!"

தூங்கப் போயிருந்த அம்மா அறைக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "எந்த வைரம்டா? யாரோடது?"

எங்கள் வீட்டில் வைரம் ஏது? காணாமல் போனது, மருதி என்ற கற்பனைப் பெண்ணின் கற்பனைத் தோல்பையில் இருந்த கற்பனை வைரம். ஆனால் தங்கையின் கோபம் கற்பனை இல்லை. அன்றைக்கு ஆட்டம் பாதியில் நின்றது. அடுத்த இரண்டு சனிக்கிழமையும் யாரும் வரவில்லை.

நாங்கள் விளையாடுவது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி, 1974ல் வெளிவந்த விளையாட்டு. பலகையோ திரையோ கட்டாயமில்லை. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவை உடைக்கிறேன்", "நான் ஒளிந்துகொள்கிறேன்" என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கதை நடத்துவது நான். தங்கை மருதி என்ற வைத்தியப் பூசாரி. அத்தை மகன் காகன் என்ற மந்திரவாதி. பள்ளித் தோழன் இரும்பன் என்ற வாள்வீரன். அவன் மனைவி நிழலி என்ற கள்ளி. வேலை, குழந்தை, ஷிப்ட் என்று ஆளுக்கொரு திசையில் ஓடும் எங்களுக்கு, வாரத்தில் ஒன்றாக உட்காரக் கிடைப்பது அந்த நான்கு மணி நேரம்தான்.

அதை நானே கெடுத்துக்கொண்ட கதை இது.

வௌவால் எச்சமும் செப்புக்காசும்

இந்த விளையாட்டில் மந்திரம் சும்மா பலிக்காது. சிலவற்றுக்கு வாயால் உச்சரிக்க வேண்டும், சிலவற்றுக்குக் கையால் முத்திரை காட்ட வேண்டும், சிலவற்றுக்குச் சாமான் வேண்டும். பல மந்திரங்களுக்கு மூன்றும் வேண்டும். நம் வீட்டுப் பூசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அதே கணக்கு.

சாமான் பட்டியலில் குறும்பும் உண்டு. 'ஃபயர்பால்' என்ற நெருப்புக்கோள மந்திரத்துக்கு வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும். வௌவால் எச்சத்திலிருந்து வெடியுப்பு எடுக்கலாம். கந்தகத்தோடு சேர்ந்தால் வெடிமருந்துக்குப் பாதி வழி வந்தாயிற்று. மின்னல் மந்திரத்துக்குக் கொஞ்சம் விலங்கு முடியும் ஒரு கண்ணாடிக் கோலும். பள்ளி அறிவியல் பாடத்தில் தேய்த்துப் பார்த்த அதே சங்கதிதான். பிறர் மனத்தைப் படிக்கும் மந்திரத்துக்கு ஒரு செப்புக்காசு. யோசனையில் இருப்பவரிடம் 'உன் நினைப்புக்கு ஒரு காசு தருகிறேன்' என்று ஆங்கிலேயர்கள் சொல்வதை வைத்துச் செய்த கேலி.

ஐந்தாம் நிலையை எட்டியதும் காகனுக்கு நெருப்புக்கோளம் கிடைத்தது. இருபதடி ஆரத்துக்குள் இருப்பவர் எல்லாரையும் ஒரே வீச்சில் பொசுக்கும். எட்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை அளவுக்கு அடி விழும். நான் இரண்டு மாலை உட்கார்ந்து தயாரித்த கொள்ளைக் கூட்டம், அத்தை மகன் மைலோ குடித்துக்கொண்டே உருட்டிய ஒரு கைப்பிடிப் பகடையில் சாம்பலானது.

எனக்கு எரிச்சல். "இனிமேல் வௌவால் எச்சத்தைக் கணக்குப் பார்ப்போம். இல்லாவிட்டால் மந்திரம் கிடையாது" என்றேன். விளைவு? அடுத்த இரண்டு வாரம் வீரர்கள் நால்வரும் குகை குகையாகப் போய் எச்சம் சுரண்டினார்கள். காகன் அதை ஒரு பேரேட்டில் எழுதினான். அப்படிச் சலிப்பான ஆட்டத்தை நாங்கள் அதற்கு முன்னும் ஆடியதில்லை, பின்னும் ஆடியதில்லை. விதிநூலே விலை குறிக்காத சாமான்களை ஒரு பொதுப் பைக்குள் இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. காரணம் அப்போதுதான் புரிந்தது.

பிறகு கணக்கை விட்டுவிட்டு இடத்தை மாற்றினேன். எதிரிகளைச் சிதறி நிற்க வைத்தேன். சண்டையைக் காய்ந்த கயிறும் பாயும் நிறைந்த மரக்கலத்தில் வைத்தேன். நெருப்புக்கோளம் தீப்பற்றக்கூடிய பொருளையும் பற்றவைக்கும். மந்திரத்தின் பலம் ஓர் இம்மியும் குறையவில்லை. ஆனால் காகன் வாயைத் திறக்குமுன் யோசிக்க ஆரம்பித்தான்.

அந்தப் பாடத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

சாவு சாகும்போது

மருதியின் மந்திரம் வேறு ரகம். 'ரிவிவிஃபை' என்று பெயர். இறந்து ஒரு நிமிடத்துக்குள் தொட்டால், செத்தவர் எழுந்துவிடுவார். முதுமையில் வந்த சாவுக்குச் செல்லாது. வெட்டுப்பட்டுப் போன உறுப்பும் திரும்பாது. இதற்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும். மந்திரம் பலித்ததும் வைரம் மறைந்துவிடும். இது வௌவால் எச்சம் மாதிரி இல்லை. விலை குறித்த சாமான் கையில் இருந்தே ஆக வேண்டும்.

நான் ஆரம்பத்தில் தாராளமாக இருந்துவிட்டேன். திறந்த பெட்டியில் எல்லாம் வைரம். அதனால் என்ன ஆனது? இரும்பன் கோட்டைச் சுவரிலிருந்து குதித்தான். "மருதிதான் இருக்காளே!" என்றான். நிழலி நஞ்சா தேனா என்று பார்க்க நாக்கில் வைத்துப் பார்த்தாள். நான்கு பேர் செத்து நான்கு பேரும் எழுந்தார்கள். யார் விழுந்தாலும் ஒருவர் முகமும் மாறவில்லை. கதையில் சாவே செத்துவிட்டது.

இதற்கு வழக்கமான வைத்தியங்கள் எனக்குத் தெரியும். மந்திரத்தையே தடை செய்யலாம். ஆனால் ஆசையாகத் தேர்ந்தெடுத்தவளிடம் பிடுங்கியதாகிவிடும். எதிரிகளின் பலத்தை ஏற்றலாம். அவர்களும் ஏற்றுவார்கள், அதற்கு முடிவே இல்லை. எதிரி எல்லாருக்கும் மந்திரத்தை முறிக்கும் மந்திரம் கொடுக்கலாம். மூன்றாம் தடவை என் கை தெரிந்துவிடும்.

நான் இவை எல்லாவற்றையும்விட மோசமானதைச் செய்தேன். அன்றிரவு சதுப்புநிலக் கோட்டைக்குள் இரும்பன் விழுந்தான். மருதி ஓடிவந்து பைக்குள் கைவிட்டாள். "வைரம் இல்லை. சத்திரத்தில் தூங்கியபோது திருடு போயிருக்கிறது" என்றேன். அந்தத் திருடன் அந்த நொடியில்தான் என் மண்டையில் பிறந்தான்.

தோழன் சிரிக்கப் பார்த்தான். "பரவால்லடா, வேற ஆள் செஞ்சுக்கிறேன்." ஒன்றரை ஆண்டாக ஆடிய பாத்திரம். அவன் சிரிப்பு எனக்கே நம்பும்படி இல்லை. அப்போதுதான் தங்கை எழுந்தாள், அம்மா வைரத்தைத் தேடி வந்தார்.

அலமாரியைத் திறந்து காட்டு

என் தங்கை தாதியாக வேலை பார்க்கிறாள். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில், இரவு ஷிப்ட் முடிந்து வந்து அதே மேசையில் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். வேலையிடத்தில் நடப்பதை வீட்டில் அதிகம் பேச மாட்டாள். ஆட்டத்தில் ஏன் வைத்தியம் பார்க்கும் பாத்திரத்தையே எடுத்தாள் என்று நானும் கேட்டதில்லை.

"வைரம் தீந்துபோனதுக்காகவா கோவம்?" என்றேன்.

"தீரட்டுமே. தீராத சாமான் எங்க இருக்கு?" என்றாள். "வார்டுல ஷிப்ட் மாறும்போது என்ன இருக்கு, என்ன இல்லன்னு சொல்லித்தான் கையில குடுப்பாங்க. இல்லன்னு தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி நான் வேலை பாப்பேன். ஆள் விழுந்தப்புறம் அலமாரியைத் தொறந்து காலின்னு சொன்னா, அது பற்றாக்குறை இல்லண்ணே. ஏமாத்து."

நான் பதில் சொல்லவில்லை. நினைவுக்கு வந்தது பாரதக் கதை. கர்ணனுக்கு இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் அளவு மீறிய மந்திரம்தான். யார்மேல் எறிந்தாலும் தப்ப முடியாது. ஆனால் அதற்கு விலை கவச குண்டலம். ஒரே தடவைதான் பயன்படும். இரண்டும் கர்ணனுக்கு முன்பே தெரியும். அதனால்தான் அருச்சுனனுக்காக அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தான். பதினான்காம் நாள் இரவில் கடோற்கசன் படையை அழிக்கும்போது, வேறு வழியில்லாமல் அவன்மேல் எறிந்தான். அந்த இரவு நம்மை உலுக்குவதற்குக் காரணமே அந்த நிபந்தனைகள்தான். 'ஆயுதம் நேற்றே திருடு போய்விட்டது' என்று கதை சொல்பவர் சொல்லியிருந்தால், கேட்டவர்கள் எழுந்து போயிருப்பார்கள். எங்கள் வீட்டில் போன மாதிரி.

அடுத்த சனிக்கிழமை நால்வரையும் கூப்பிட்டேன். "திருடன் வரவில்லை. நான் பொய் சொன்னேன். வைரம் பையில் இருந்தது, இரும்பன் எழுந்துவிட்டான்" என்றேன். ஒரு நிமிடம் அமைதி. "திருடனைப் புடிச்சுட்டோம்ல" என்றாள் நிழலி. எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு விதிகளைச் சேர்ந்து பேசினோம். வைரம் அந்த நாட்டில் ஒரே ஒரு சுரங்க ஊரில்தான் கிடைக்கும். இப்போது கையில் இருப்பது மூன்று. மாற்றம் எதுவானாலும் ஆட்டம் தொடங்குமுன் சொல்ல வேண்டும், பகடை உருண்ட பிறகு சொல்லக்கூடாது. யாராவது திருட வந்தால் தடுக்க ஒரு வாய்ப்பு கொடுத்தே ஆக வேண்டும். வௌவால் எச்சத்தை எண்ணுவதில்லை.

அத்தை மகன்தான் விலையைக் கணக்குப் போட்டான். விதிநூலின்படி சாதாரணக் கூலியாளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வெள்ளிக்காசு. பத்து வெள்ளிக்காசு ஒரு பொற்காசு. 300 பொற்காசுக்கு அவன் 1,500 நாள் உழைக்க வேண்டும். உண்ணாமல் சேர்த்தாலும் நான்கு ஆண்டுக்கு மேல். "அப்போ அந்த ஊர்ல ஏழைங்க யாரும் எழுந்திருக்க மாட்டாங்க" என்றான் தோழன். இத்தனை நாள் அதை நாங்கள் யோசித்ததே இல்லை.

மருதியின் மூன்று வைரத்துக்கு அடையாளமாக, அம்மாவின் டப்பாவிலிருந்து மூன்று கற்கண்டை எடுத்து ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு மேசை நடுவே வைத்தாள் தங்கை. ஒன்று செலவானால், எழுந்தவர் அதைத் தின்றுவிட வேண்டும்.

கடைசி வைரம்

முதல் கற்கண்டை நிழலி தின்றாள். இரண்டாவது காகனுக்கு. கிண்ணத்தில் ஒன்றுதான் என்றானதும் எல்லாரும் மாறிவிட்டார்கள். கதவைத் திறக்குமுன் தட்டிப் பார்த்தார்கள். சண்டைக்கு முன் பேசிப் பார்த்தார்கள். இரும்பன் சுவரிலிருந்து குதிக்காமல் ஏணி கேட்டான். நான் ஒரு மந்திரத்தையும் குறைக்கவில்லை.

ஆறாவது வாரம் ஒரு படகுப் பயணம். ஓடக்காரப் பையன் ஒருவன், என் குரலில் பேசுகிறவன், கூலி பேசாமல் இவர்களை ஏற்றிக்கொண்டான். நடு ஆற்றில் தாக்குதல். வேறு வழியில்லாமல் காகன் நெருப்புக்கோளத்தை எறிந்தான். எதிரிகள் அழிந்தார்கள், பாயும் பற்றிக்கொண்டது. புகை அடங்கியபோது இரண்டு பேர் கிடந்தார்கள். இரும்பனும் அந்தப் பையனும்.

விதிப்படி ஒரு நிமிடம் என்பது பத்துச் சுற்று. கிண்ணத்தில் ஒரு கற்கண்டு.

யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். தங்கை தோழனைப் பார்த்தாள். "என்ன செய்யட்டும்?"

அவன் தன் பாத்திரத் தாளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றரை ஆண்டு. பல தடவை அழித்து எழுதிய தாள். "அந்தப் பையன் வீட்ல நாலு வருஷம் உழைச்சாலும் ஒண்ணு வாங்க முடியாது," என்றான். "நம்மால வந்தவன்தானே. அவனை எழுப்பு."

தங்கை கற்கண்டை எடுத்தாள். பையன் என் பாத்திரம் என்பதால் என்னிடம் நீட்டினாள். "தின்னு."

தின்றேன். வாய்க்குள் கரைய வெகுநேரம் ஆனது. அதுவரை யாரும் பகடையைத் தொடவில்லை. தடையாலும் திருடனாலும் நான் வரவழைக்க முடியாத ஒன்று அன்று அந்த மேசைக்கு வந்திருந்தது. தோழன் கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுத்தாள் கேட்டான். அவன் மனைவி எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அம்மா டப்பாவைத் திறந்து பார்த்தார். "கற்கண்டு குறையுதே, யாருடா எடுத்தது?" சொன்னேன். விளையாட்டு அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது.

"இனிமே கேட்டு வாங்கு," என்றார். "எண்ணித்தான் தருவேன்."