செம்பருத்திக்குள் ஒரு கூட்டம்

காற்று வேகமெடுத்ததும் கொல்லைப்பக்கத்து முருங்கையில் இருந்த தவிட்டுக்குருவிகள் மதிலோரச் செம்பருத்திக்குள் இறங்கிவிட்டன. ஏழெட்டு இருக்கும். ஒரே கிளையில் ஒட்டி உரசிக்கொண்டு, காற்று வரும் திசைக்கே முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருக்கின்றன. அப்படி உட்கார்ந்தால்தான் காற்று இறகைக் கிளப்பாது, உடம்புச் சூடு போகாது. ஓரத்தில் இருப்பது மட்டும் நடுவில் நுழைய இடித்துக்கொண்டே இருக்கிறது. கிளை இந்த ஆட்டம் ஆடியும் ஒன்றுகூட விழவில்லை. கால் மடங்கினாலே தசைநார் இழுபட்டு, விரல்கள் தாமாகக் கிளையை இறுக்கிக்கொள்ளும்.

எனக்குக் கவலையெல்லாம் தேன்சிட்டைப் பற்றித்தான். 10 கிராம்கூட இருக்காத உடம்பு. செம்பருத்தித் தேனை மழை கழுவிவிட்டது. சற்று விட்ட நேரத்தில் வந்து, வாழைப்பூ மடலுக்கு அடியில் தலையை நீட்டிக் குடித்துவிட்டுப் போனது. மடல் கூரை மாதிரி நின்று தேனைக் காப்பாற்றி வைத்திருக்கிறது!

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைக் கடந்த மறுநாள், மரங்கள் சாய்ந்துபோய், எங்கள் தெருக் காகங்களுக்கு உட்கார கேபிள் ஒயர்தான் மிச்சம்.

மழை விட்டதும் விழுந்த கிளைகளை அவசரமாக வெட்டித் தள்ளாதீர்கள். அறுந்த மின்கம்பி கிடக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, உள்ளே கூடோ அணில்குட்டியோ இருக்கிறதா என்று மெதுவாக விலக்கிப் பாருங்கள்.