அஞ்சு ரூபா ஆட்டத்துல ஜெயிக்கறது எப்படி?

தீபாவளி நெருங்கினா வடக்கே வேலை பாக்கற வங்கிக்காரனுக்கு ஒரு தொல்லை உண்டு. தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாரும் புது பத்து ரூபா கட்டு கேப்பாங்க. பூஜைக்குன்னுதான் சொல்வாங்க. பாதிக் கட்டு பூஜைக்கு, மீதி சீட்டுக்குன்னு எல்லாருக்கும் தெரியும் :-)

நமக்கு தீபாவளின்னா விடியக்காலை எண்ணெய்க் குளியல், பத்து மணிக்கெல்லாம் பலகாரம் தின்னு தூக்கம். இங்க லக்னோவில எல்லாமே ராத்திரிதான். லக்ஷ்மி பூஜை முடிஞ்சதும் தரையில வெள்ளை விரிப்பு, நடுவுல சீட்டுக்கட்டு. அன்னிக்கு சிவனும் பார்வதியுமே சொக்கட்டான் ஆடினாங்கன்னு ஒரு கதையும் சொல்வாங்க. ஆட்டம் தீன் பத்தி. நம்ம ஊர் மூணு சீட்டுதான், போக்கருக்குப் பங்காளி. போபால், ஜெய்ப்பூர், இப்ப லக்னோன்னு மூணு ஊர்ல பாத்தாச்சு. புதுசா மாற்றலாகி வர்ற நம்ம ஆளுங்க, "சார், பக்கத்து வீட்ல கூப்பிடறாங்க, போகலாமா?"ன்னு கேக்கறாங்க. அவங்களுக்காக இது.

ஆட்டம் சுலபம். ஆளுக்கு அஞ்சு ரூபா நடுவுல போடணும், அது பூட். ஆளுக்கு மூணு சீட்டு. சீட்டைப் பாக்காம ஆடினா பிளைண்ட். பாத்துட்டு ஆடினா சால், அதுக்கு பிளைண்டை விட ரெண்டு மடங்கு போடணும். வேண்டாம்னா பேக், அதாவது கவுத்துட்டு உக்காரணும். கடைசி ரெண்டு பேர் இருக்கறப்ப காசு போட்டு ஷோ கேக்கலாம்.

இப்ப கணக்கு. பி.காம். படிச்சவன் கணக்கு இல்லாம பேச மாட்டான். 52 சீட்டுல மூணு எடுக்க 22,100 வழி இருக்கு. அதுல 16,440 ஒண்ணுமில்லாத கை, நூத்துக்கு 74. ஜோடி 3,744, நூத்துக்கு 17. கலர் 1,096, வரிசை 720. ஒரே கலர்ல வரிசை 48, மூணும் ஒண்ணான டிரெயில் 52. அதாவது டிரெயிலை விட ஒரே கலர் வரிசைதான் கொஞ்சம் அபூர்வம். ஆனா டிரெயில்தான் பெருசு. ஆட்டத்தோட விதியை எழுதினவங்க கணக்கு வாத்தியாரைக் கேக்கலை போல.

நாலு கைல மூணு கை வெறும் கைன்னா, முதல்ல கத்துக்க வேண்டியது பேக் பண்றது. ஆறு பேர் உக்காந்திருந்தா, மத்த அஞ்சு பேர்ல ஒருத்தர்கிட்டயாவது ஜோடியோ அதுக்கு மேலயோ இருக்க வாய்ப்பு சுமார் 77 சதவீதம். அதனால ரெண்டு நாலை வெச்சுக்கிட்டு அஞ்சு பேரோட மோதறது வீரம் இல்லை. ஆள் குறையக் குறையத்தான் கையோட மதிப்பு ஏறும். ஆனா சீட்டைப் பாத்த பிறகும் ஒருத்தர் விடாம காசு போட்டா, அவர்கிட்ட வெறும் கைன்னு 74 சதவீதக் கணக்கைப் போடாதீங்க. அவர் ஏதோ வெச்சிருக்கார்.

அடுத்தது, பிளைண்டை மதிக்கணும். பாத்தவர் போடறதுல பாதிதான் உங்களுக்குச் செலவு. முதல் சுத்து, ரெண்டாவது சுத்து பாக்காம இருங்க. ஆவல் தாங்காம உடனே தூக்கிப் பாக்கறவர் தன் செலவைத் தானே ரெட்டிப்பாக்கிக்கறார்.

மூணாவது, பொய்க் கைல மிரட்டாதீங்க. சினிமால நல்லா இருக்கும். அஞ்சு ரூபா ஆட்டத்துல பலிக்காது. நடுவுல 300 ரூபா கிடக்கு, ஷோ கேக்க 20 ரூபான்னு வைங்க. எதிராளி பதினாறு தடவை கேட்டு ஒரு தடவை ஜெயிச்சாலே அவருக்கு முதல் தேறிடும். இந்தக் கணக்கு அவருக்குத் தெரிய வேண்டாம், இருபது ரூபாதானேன்னு அவரே கேட்டுடுவார். மிரட்டல் பலிக்கணும்னா எதிராளிக்குத் தோக்கறது வலிக்கணும். சின்ன ஆட்டத்துல வலிக்காது. நல்ல கை வந்தா காசு போடுங்க, அவங்களே உங்களை நம்பாம ஷோ கேட்டுக் கொடுப்பாங்க.

கடைசி, போட்ட காசை நினைக்காதீங்க. நடுவுல போனது உங்க காசு இல்லை. வராக்கடனைக் காப்பாத்தறேன்னு அதே ஆளுக்கு மேல மேல கடன் கொடுத்தா என்ன ஆகும்னு எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். ஐநூறு ரூபாயோட உக்காருங்க, அது தீந்தா எழுந்திருங்க. பர்ஸை வீட்டம்மாகிட்ட கொடுத்துட்டுப் போறது உத்தமம்.

இவ்வளவும் பண்ணினா தினம் ஜெயிக்கலாமான்னா, இல்லை. 1967-ல ரம்மி திறமையான ஆட்டம்னு உச்ச நீதிமன்றம் சொன்னப்ப, மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் இல்லைன்னு ஒப்பிட்டுத்தான் சொல்லிச்சு. சீட்டு நம்ம கைல இல்லை. வராத ராத்திரில எவ்வளவு கொறச்சலாத் தோக்கறோம்ங்கறதுதான் நம்ம கைல இருக்கு. காசு வெச்சு ஆடற சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேற, அதையும் விசாரிச்சுக்குங்க.

எங்க வீட்ல பசங்க ஆடினா காசு கிடையாது, ராஜ்மா பயறுதான். அது என் மனைவி போட்ட சட்டம். பையன் பிளஸ் டூ. அடுத்த வருஷம் ஹாஸ்டல். அவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் உக்காந்து சொல்லிக் கொடுத்தேன். "இதையெல்லாமா பிள்ளைக்குச் சொல்லித் தருவே?"ன்னு ஊர்லேர்ந்து அம்மா போன்ல திட்டினாங்க.

காரணம் இருக்கு அம்மா. பணம் வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யற மத்திய சட்டம் 2025 ஆகஸ்ட்ல வந்துச்சு. அதுக்குப் பணம் அனுப்பித் தர வங்கிகளுக்கும் தடை. அதுக்கு முன்னால, சம்பளம் விழுந்த ராத்திரியே ஐநூறு ஐநூறா வரிசையாப் போன கணக்குகளை எங்க மேஜைல பாத்திருக்கோம். இருபத்தஞ்சு வயசுப் பசங்க. விரிப்புல உக்காந்தா எதிர்ல முகம் இருக்கு, பன்னெண்டு மணிக்கு "போதும், சாப்பிட வாங்க"ன்னு பாபிஜி குரல் கொடுப்பாங்க. போன்ல போதும்னு சொல்ல ஆள் கிடையாது.

சட்டம் ஒரு கதவை மூடினா இன்னொரு பேர்ல இன்னொண்ணு முளைக்கும். அன்னிக்குப் பக்கத்துல நான் இருக்க மாட்டேன். கவுத்துட்டு எழுந்திருக்கற பழக்கம் அவன்கிட்ட இருக்கணும். இப்போதைக்கு ராஜ்மா ஆட்டத்துல எங்க வீட்லயே அதிகமா பேக் பண்றவன் அவன்தான். டப்பா நிறைய பயறும் அவன்கிட்டதான் இருக்கு.