உட்காரவும் எல்லை உண்டு

ஸ்விட்சர்லாந்தில் மலை பார்க்க வருகிறவர்களுக்கு எங்கே போனாலும் ராஜ உபசாரம். உச்சிவரை ரயில் போகும், இறங்கினால் சூடாக சூப் கிடைக்கும். நாட்டின் கிழக்கு மூலையில், எங்கடின் பள்ளத்தாக்கை ஒட்டிய தேசியப் பூங்காவில் மட்டும் கதை வேறு. பாதையை விட்டு ஓரடி விலகக் கூடாது. பூப் பறிக்கவோ ஓடையில் குளிக்கவோ கூடாரம் போடவோ அனுமதி இல்லை. நாய் கயிற்றில் இருந்தாலும் உள்ளே வரக் கூடாது. கால் வலித்தால் நினைத்த இடத்தில் உட்காரவும் முடியாது. மஞ்சள் அடையாளமிட்ட கம்பங்களுக்குள்தான் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். 170 சதுர கிலோமீட்டர் மலைக்கு இப்படியொரு மாமியார்!

1914 முதல் இதே கெடுபிடிதான். அன்று தொட்டு இங்கே மரம் வெட்டுவதில்லை, மாடு மேய்ப்பதில்லை, துப்பாக்கி வெடிப்பதில்லை. அதன் பலனைப் பார்க்கத்தான் செப்டம்பர் கடைசியில் ட்ரூப்சுன் பள்ளத்தாக்குக்குப் போனேன்.

முதலில் காதில்தான் விழுந்தது. அடிவயிற்றிலிருந்து எழும் கரகரத்த முழக்கம், இந்தச் சரிவில் ஒன்று, எதிர்ச்சரிவில் ஒன்று. செம்மான்கள் இணைசேரும் பருவம் அது. கம்பங்களுக்குள் ஒரு கூட்டமே முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்திக் காத்திருந்தது. பெரியவர் ஒருவர் தன்னுடையதை என் பக்கம் திருப்பிவிட்டார். கிளைத்த கொம்போடு ஓர் ஆண் மான் கழுத்தை நீட்டி முழங்க, பெண்மான்கள் தம் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. பாதையை விட்டு நகராத ஜந்துக்கள் என்று பழகிவிட்டன போலும்.

அண்ணாந்தால் பாறை விளிம்பில் ஐபெக்ஸ் காட்டாடுகள். ஸ்விட்சர்லாந்தில் அடியோடு அழிந்துபோன இனம் இது. 1906-இல் இத்தாலிய மன்னரின் வேட்டைக்காட்டிலிருந்து திருட்டுத்தனமாகக் குட்டிகளைக் கடத்தி வந்து வளர்த்தார்கள். அந்த வம்சத்தை 1920-இல் இந்தப் பூங்காவில் விட்டார்கள். பாதுகாப்பின் வரலாற்றில் இவ்வளவு நல்ல திருட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

மான்களோ, யாரும் கொண்டுவராமல் தாமாகத் திரும்பி வந்தவை. எல்லையும் அவற்றுக்கு அத்துப்படி. செப்டம்பரில் வெளியே வேட்டைப் பருவம். அப்போது பூங்காவுக்குள் வந்து ஒண்டிக்கொள்கின்றன. குளிர்காலத்தில் பனி மூடியதும் தீனி தேடிப் பள்ளத்தாக்குக்கு இறங்கியாக வேண்டும். வேலி என்று எதுவும் கிடையாது.

மாலையில் ஊருக்குள் வந்து ஓர் உணவகத்தில் நுழைந்தேன். வாசல் பலகையில் முதல் வரியே மான்கறி. நான் பார்லி சூப் கேட்டேன். பக்கத்து மேசையில், காலையில் தொலைநோக்கி தந்த அதே பெரியவர், மான்கறியை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.